ரேடியேட்டருக்கு முன்னால் ஒரு கம்பி வலை: எட்டு மாதம் பயன்படுத்திய பின் எழுதும் மதிப்பீடு

காரின் ஏசி குளிர்ச்சி நாளுக்கு நாள் குறைந்துகொண்டே வந்தபோது, கேஸ் இறங்கியிருக்கும், நிரப்பினால் சரியாகிவிடும் என்று எண்ணித்தான் ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டுபோனேன். முன் பம்பரைக் கழற்றியதும், ஏசி வாயுவின் சூட்டை வெளியேற்றும் கண்டென்சரின் கீழ்ப்பகுதியில் எண்ணெய் கசிந்து, அதன்மேல் புழுதி படிந்து, உள்ளங்கையளவுக்குக் கறுத்த திட்டு ஒன்று தெரிந்தது. துடைத்துப் பார்த்தால், நடுவில் ஆணி முனையால் குத்தியது போன்ற பள்ளம். முன்னால் போன ஏதோ ஒரு வண்டியின் டயரிலிருந்து தெறித்த கல், பம்பரின் கீழ்த் திறப்பு வழியாக நேராக உள்ளே புகுந்து கண்டென்சரின் குழாயைத் துளைத்திருக்கிறது. கண்டென்சரை முழுவதுமாக மாற்ற வேண்டியதாயிற்று. பழையதைக் கையில் வாங்கிப் பார்த்தபோது, துளைக்காமல் விட்டுப்போன கல்லடித் தடங்கள் அதன் முகமெங்கும் இருந்தன. அதன் பிறகுதான் இந்தப் பாதுகாப்பு வலையைத் தேடி வாங்கினேன். எட்டு மாதங்களில் ஏறத்தாழ 11,000 கி.மீ. ஓட்டிவிட்ட நிலையில், இதை வாங்க நினைப்பவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியவற்றை எழுதுகிறேன்.

ரேடியேட்டர் பாதுகாப்பு என்ற பெயரில் விற்கப்பட்டாலும், இந்த வலை முதலில் காப்பது ஏசி கண்டென்சரைத்தான். பெரும்பாலான கார்களில் கிரில்லுக்குப் பின்னால் முதலில் நிற்பது கண்டென்சர். அதற்குப் பின்னால் ரேடியேட்டர். அதற்கும் பின்னால் காற்றாடி. டர்போ வண்டியாக இருந்தால், எஞ்சினுக்குள் போகும் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரும் இந்த வரிசையில் எங்காவது இருக்கும். ஆகவே கல் முதலில் அடிப்பது கண்டென்சரைத்தான். அதன் தட்டையான அலுமினியக் குழாய்களின் சுவர் மிக மெல்லியது. ஏசி ஓடும்போது உள்ளே இருக்கும் அழுத்தமோ, வெளி வெப்பநிலையைப் பொறுத்து, சாதாரணமாகவே 10 பாருக்கு (ஒரு பார் என்பது ஏறத்தாழ நம்மைச் சுற்றியுள்ள காற்றின் அழுத்தம்) மேல் இருக்கும். ரேடியேட்டரில் அழுத்தம் 1 பாரை ஒட்டியதுதான் என்றாலும், அங்கே ஓட்டை விழுந்தால் விளைவு மிகக் கடுமையானது. கூலண்டும் தண்ணீரும் சரிபாதியாகக் கலந்த திரவம், ரேடியேட்டர் மூடி இறுக்கிவைத்திருக்கும் அழுத்தத்தில் 120 டிகிரி செல்சியஸுக்கு மேல்தான் கொதிக்கும். சிறு ஓட்டை விழுந்து அழுத்தம் இறங்கிவிட்டால் 107 டிகிரியை ஒட்டியே கொதிக்கத் தொடங்கிவிடும். திரவம் குறையக் குறைய எஞ்சின் சூடேறி, அதன் மேல்பகுதியான ஹெட்டுக்கு அடியில் இருக்கும் அடைப்புத் தகடு (ஹெட் கேஸ்கட்) போய், அலுமினிய ஹெட் வளைவது வரை போகலாம். ஏசி பழுதோடு வீடு போய்ச் சேரலாம். ரேடியேட்டர் பழுதோடு பத்து நிமிடம்கூட ஓட்டக் கூடாது.

நான் வாங்கியது, என் கார் மாடலின் அளவுக்கென்றே வெட்டப்பட்ட இரண்டு துண்டுகள் கொண்ட தொகுப்பு. ஒன்று மேல் கிரில்லுக்கு, மற்றொன்று பம்பரின் அகன்ற கீழ்த் திறப்புக்கு. 304 ரக எவர்சில்வர் கம்பியில் நெய்த வலை, மேலே கறுப்புப் பவுடர் கோட்டிங், விளிம்பைச் சுற்றி மடித்த மெல்லிய பட்டை, கூடவே ஒரு பை நிறைய கேபிள் டையும் பிளாஸ்டிக் கிளிப்பும். பெட்டியைத் திறந்ததும் காந்தம் வைத்துப் பார்த்தேன், லேசாக ஒட்டியது. இது எவர்சில்வரே இல்லை என்று உடனே முடிவு கட்டிவிடக் கூடாது. 304 ரகம் இயல்பில் காந்தத்தில் ஒட்டாது என்றாலும், குளிர்நிலையில் இழுத்துக் கம்பியாக்கும்போது அதன் உள்ளமைப்பு மாறிச் சற்றுக் காந்தத்தன்மை வந்துவிடும். எட்டு மாதத்தில் வெட்டு முனைகளில்கூடத் துரு இல்லை என்பதே எனக்குப் போதுமான சான்று. கடலோரத்தில் ஓட்டுபவர்கள் மாலிப்டினம் சேர்ந்த 316 ரகத்தைக் கேட்டு வாங்குவது நல்லது.

இனி, வாங்கும் முன் ஒவ்வொருவரும் கேட்க வேண்டிய கேள்விக்கு வருகிறேன்: வலையில் எவ்வளவு பகுதி திறந்திருக்கிறது? தயாரிப்பாளர் அட்டையில் போட்டிருப்பது கண்ணின் அளவு 3 மி.மீ., கம்பியின் தடிமன் 0.7 மி.மீ. என்பது மட்டுமே. இந்த இரண்டு எண்களை வைத்தே திறந்த பரப்பைக் கணக்கிட்டுவிடலாம். கண்ணின் அளவை, கண்ணும் கம்பியும் சேர்ந்த அளவால் வகுத்து, வரும் விடையை அதனாலேயே பெருக்க வேண்டும். 3-ஐ 3.7-ஆல் வகுத்துப் பெருக்கினால் ஏறத்தாழ 66 சதவீதம். அதாவது காற்று போகும் பாதையில் மூன்றில் ஒரு பங்கைக் கம்பியே அடைத்துக்கொள்கிறது. ஆனால் வெர்னியர் வைத்து அளந்தபோது, கோட்டிங்கோடு சேர்த்துக் கம்பியின் தடிமன் 0.86 மி.மீ. இருந்தது; கண் 2.84 மி.மீ. ஆகச் சுருங்கியிருந்தது. திறந்த பரப்பு 59 சதவீதத்துக்கு இறங்கிவிட்டது. வெறும் பார்வைக்காகப் பூசிய கறுப்பு நிறம் ஏழு சதவீதக் காற்றுவழியை எடுத்துக்கொண்டிருக்கிறது என்பதை அட்டையில் போட்டிருக்க வேண்டும். இந்தப் பொருளின்மீது எனக்கிருக்கும் முதன்மையான குறை இதுதான். கோட்டிங் இல்லாத அதே வலையும் கிடைக்கிறது; வெள்ளியாகப் பளபளக்கும் தோற்றம் உறுத்தாது என்றால் அதையே வாங்குங்கள்.

கண் சிறிதாக இருக்க இருக்கப் பாதுகாப்பு கூடும் என்று பலரும் நினைக்கிறார்கள். அது ஓரளவுக்குத்தான் உண்மை. ஒரு கல்லின் எடை அதன் விட்டத்தின் மும்மடிப் பெருக்கத்தில் ஏறும். 3 மி.மீ. விட்டமுள்ள கருங்கல் பொடி 0.04 கிராம்கூட இராது, 10 மி.மீ. ஜல்லித் துண்டு ஏறத்தாழ 1.4 கிராம். ஒரே வேகத்தில் வந்து மோதினால், பெரியது கொண்டுவரும் ஆற்றல் சிறியதைப்போல் 37 மடங்கு. ஆகவே கண்டென்சரைத் துளைக்கக்கூடியவை பெரும்பாலும் 5 மி.மீ.க்கு மேற்பட்ட கற்கள்தான்; அவற்றை 3 மி.மீ. கண்ணும் தடுக்கும், 4 மி.மீ. கண்ணும் தடுக்கும். அதைவிடச் சிறிய மணல் துகள்கள், குழாய்களுக்கு நடுவே இருக்கும் மெல்லிய தகடுகளான ஃபின்களின் ஓரத்தை நாளடைவில் மழுக்குமே தவிர, குழாயை உடைக்கும் வலு அவற்றுக்கு இல்லை. மணலையும் நிறுத்திவிட வேண்டும் என்று ஒன்றரை மில்லிமீட்டர் கண் வைத்த வலைக்குப் போனால், காற்றைத்தான் நிறுத்துவோம். சிலர் ஜன்னலுக்கு அடிக்கும் கொசுவலையை வெட்டிக் கிரில்லுக்குப் பின்னால் கட்டுகிறார்கள். அது பூச்சிகளைப் பிடிக்கும், கல்லைப் பிடிக்காது. நெடுஞ்சாலையில் ஓர் இரவு ஓட்டினால் பூச்சிகளால் அடைந்துபோய், மறுநாள் வெயிலில் எஞ்சினைத் தவிக்க விடும்.

வேகத்தைப் பற்றியும் ஒரு சொல். மோதும் ஆற்றல் வேகத்தின் இருமடிப் பெருக்கத்தில் ஏறுவதால், 100 கி.மீ. வேகத்தில் வந்து மோதும் கல், 50 கி.மீ. வேகத்தில் மோதுவதைவிட நான்கு மடங்கு கடுமையாக அடிக்கும். ஊருக்குள் மட்டுமே ஓட்டுபவர்களுக்கு இந்த வலை அவ்வளவு அவசியம் இல்லை என்று நான் சொல்வதற்கு இதுவே காரணம்.

பொருத்தும் வேலை பெட்டியில் எழுதியிருப்பதைப் போல அரை மணி நேரத்தில் முடிவதில்லை. முன்பக்கத்திலிருந்தே கிரில் கட்டங்களோடு கேபிள் டை போட்டுக் கட்டிவிடலாம் என்று குறிப்பில் இருக்கிறது. அப்படிக் கட்டினால் வலை வெளியே துருத்திக்கொண்டு தெரிவதோடு, ஓட்டத்தில் அதிர்ந்துகொண்டும் இருக்கும். பம்பரைக் கழற்றி, உட்பக்கத்திலிருந்து பிளாஸ்டிக் கட்டங்களோடு சேர்த்துக் கட்டுவதே சரியான முறை. எனக்கு முழுக் காலை நேரம் பிடித்தது. இதில் தவறவே கூடாத விதி ஒன்று உண்டு: எந்தக் காரணத்துக்காகவும் வலையைக் கண்டென்சரின்மீதோ ரேடியேட்டரின்மீதோ நேரடியாகக் கட்டக் கூடாது. ஃபின்களுக்கு நடுவே கேபிள் டையை நுழைத்துக் கட்டுவதைச் சில இடங்களில் பார்த்திருக்கிறேன், மனம் பதறுகிறது. வண்டியின் அதிர்வில் அந்த டை ஒவ்வொரு நாளும் குழாயைத் தேய்த்துக்கொண்டே இருக்கும். எவர்சில்வரும் அலுமினியமும் தொட்டுக்கொண்டு, நடுவே உப்பு கலந்த ஈரமும் இருந்தால் அரிபடுவது அலுமினியம்தான் என்பது மற்றொரு காரணம். தவிர, கல் அடிக்கும்போது வலை உள்நோக்கிக் குழியும்; அதற்கு இடம் வேண்டும். என் காரில் கீழ்த் திறப்புக்கும் கண்டென்சருக்கும் நடுவே நான்கு விரற்கடை இடைவெளி இருக்கிறது. மேல் கிரில்லில் இரண்டு விரற்கடைதான்.

வலையைப் பொருத்துவதற்கு முன்பே, புதிய கண்டென்சரோடு இரண்டு வாரம் ஓட்டி, காரின் கணினியிலிருந்து அளவுகளைப் படித்துக் காட்டும் ஓபிடி ஸ்கேனரில் கூலண்ட் வெப்பநிலையைக் குறித்துவைத்திருந்தேன். இதற்காகப் பம்பரை மறுபடி கழற்ற நேர்ந்தது என்றாலும், எண்கள் இல்லாமல் சூடு கூடியதா இல்லையா என்று பேசுவதில் பொருள் இல்லை. டாஷ்போர்டில் இருக்கும் முள்ளை இந்த விஷயத்தில் நம்ப முடியாது. பல கார்களில் அது ஒரு பெரிய வெப்பநிலை வரம்பு முழுவதுக்கும் நடுக்கோட்டிலேயே நிற்குமாறு அமைக்கப்பட்டிருக்கிறது. 92 டிகிரியானாலும் 104 டிகிரியானாலும் ஓட்டுநருக்கு ஒரே காட்சிதான்.

நான் கண்டது இது. சமதள நெடுஞ்சாலையில், ஏசி போட்டு, 90 முதல் 100 கி.மீ. வேகத்தில் போகும்போது வலை பொருத்திய பின்னும் ஒரு டிகிரி வேறுபாடுகூட இல்லை. ஊர் நெரிசலில் ஊர்ந்துபோகும்போது வெப்பநிலை ஏறவில்லை; ஆனால் காற்றாடி முன்பைவிட அடிக்கடி ஓடத் தொடங்கியது. நீண்ட ஏற்றத்தில், இரண்டாவது கியரில், முழு ஏசியோடு ஏறும்போது மட்டும் முன்பு 99 டிகிரியில் நின்ற இடத்தில் 103 டிகிரி காட்டியது. காரணம் புரிந்துகொள்ளக் கடினமானதல்ல. 100 கி.மீ. வேகத்தில் எதிர்க்காற்று வண்டியின் முகப்பில் கொடுக்கும் அழுத்தம் ஏறத்தாழ 460 பாஸ்கல்; 30 கி.மீ. வேகத்தில் அது 42 பாஸ்கல்தான். வேகம் இருக்கும்போது வலையின் தடை ஒரு பொருட்டில்லை. வேகம் இல்லாமல் எஞ்சின் கடுமையாக உழைக்கும்போதுதான் அந்தத் தடை கண்ணில் படுகிறது.

அந்த நான்கு டிகிரி ஆபத்தானது அல்ல என்றாலும் என் மனத்துக்கு ஒப்பவில்லை. ஆகவே மேல் கிரில்லில் போட்ட துண்டைக் கழற்றிவிட்டு, கீழ்த் திறப்பில் மட்டும் வைத்துக்கொண்டு, அதே ஏற்றத்தில் மறுபடி ஓட்டிப் பார்த்தேன். 100 டிகிரி. பழைய கண்டென்சரில் இருந்த தடங்களையும் திரும்ப எண்ணினேன். பத்தில் எட்டு கீழ்ப்பாதியில்தான் இருந்தன. கல் டயரிலிருந்து தாழ்வாகத்தான் கிளம்பி வருகிறது; கீழ்த் திறப்போ அகன்றது, சாலைக்கு அருகில் இருப்பது, என் காரில் அதன் கட்டங்களுக்கு நடுவே இரண்டு விரல் தாராளமாக நுழையும். மேல் கிரில்லின் கட்டங்கள் அவ்வளவு நெருக்கமாக இருப்பதால் அவையே பெரும்பாலான கற்களைத் தடுத்துவிடுகின்றன. இப்போது மேல் துண்டு பெட்டியில்தான் இருக்கிறது. கீழ்த் துண்டைத் தனியாக விற்கும்படி தயாரிப்பாளருக்கு எழுதியிருக்கிறேன். வாங்குபவருக்கும் வண்டிக்கும் அதுவே நல்லது.

தொகுப்பில் கொடுத்த கேபிள் டைகளைப் பற்றி நல்ல சொல் எதுவும் சொல்ல முடியவில்லை. மூன்றாம் மாதத்தில் வண்டியைக் கழுவும்போது வலையின் இடது முனை தளர்ந்து ஆடுவதைக் கண்டேன். பிடித்து இழுத்ததும் இரண்டு டைகள் பட்டென்று ஒடிந்தன; வெயிலிலும் எஞ்சின் சூட்டிலும் நைலான் நொறுங்கும் பதத்துக்கு வந்துவிட்டிருந்தது. வெயில் தாங்கும் கறுப்பு நைலான் டைகளை வாங்கி எல்லாவற்றையும் மாற்றினேன். பிளாஸ்டிக் கிளிப்புகள் இன்றுவரை அசையாமல் இருக்கின்றன. இப்படிப்பட்ட பொருளில் வலையைவிட அதன் பிடிமானமே முக்கியம். ஓடும்போது கழன்ற வலை காற்றின் வேகத்தில் நேராகப் போய் ஒட்டிக்கொள்வது கண்டென்சரின்மீதுதான். எந்த உறுப்பைக் காக்கப் போட்டோமோ அதையே அது தேய்த்து ஓட்டையாக்கும். அவ்வளவு நல்ல வலையைச் செய்துவிட்டு, அதைத் தாங்கும் டையில் சிக்கனம் பார்த்தது ஏற்க முடியாத செயல்.

சுத்தம் செய்வது மாதம் ஒருமுறை கட்டாயமாகிறது. காய்ந்த இலை, பூச்சி, பாலித்தீன் துண்டு எல்லாம் வலையின் வெளிமுகத்தில் தங்குகின்றன. இது குறைபாடாகத் தோன்றலாம். எனக்கு இது நன்மையாகவே படுகிறது. வலை இல்லாவிட்டால் இதே குப்பை ஃபின்களுக்கு நடுவிலும், கண்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் இடையில் கையே நுழையாத இடுக்கிலும் போய் அடையும். வெளியே தங்கினால் ஒரு பிரஷ்ஷால் தட்டிவிடலாம். ஒன்றை மட்டும் கவனத்தில் கொள்ள வேண்டும்: வாட்டர் சர்வீஸுக்கு விடும்போது அழுத்தமாகப் பீய்ச்சும் தண்ணீரைக் கிரில்லுக்கு நேராகக் காட்ட விடாதீர்கள். கல்லுக்குத் தப்பிய ஃபின்கள் அந்தத் தண்ணீரில் மடங்கிவிடும். மடங்கிய ஃபின்களைச் சீப்பு போன்ற ஒரு கருவியால் பொறுமையாக நிமிர்த்தலாம் என்றாலும், அது மணிக்கணக்கில் பிடிக்கும் வேலை.

இந்த வலை எல்லாக் கார்களுக்கும் ஏற்றதல்ல. முன்னால் போகும் வண்டியின் தூரத்தைக் கணித்துத் தானாகவே வேகத்தைக் குறைக்கும் ரேடார் பொருத்திய கார்களில், அந்த ரேடார் பெரும்பாலும் கிரில்லில் இருக்கும் நிறுவனச் சின்னத்துக்குப் பின்னாலோ பம்பரின் கீழ்த் திறப்பிலோ இருக்கும். அது வேலை செய்வது 77 கிகாஹெர்ட்ஸை ஒட்டிய அலைகளில். அவற்றின் நீளமே 4 மி.மீ.க்குச் சற்றுக் குறைவுதான். உலோக வலை அதற்கு முன்னால் நின்றால் அலைகள் சரியாக வெளியே போகவும் மாட்டா, திரும்பி வரவும் மாட்டா. அவசர பிரேக் தேவைப்படும் கணத்தில் அது வேலை செய்யாமல் போவதோடு ஒப்பிட்டால் கண்டென்சர் ஓட்டை ஒரு பொருட்டே இல்லை. ரேடார் இருக்கும் பகுதியை முழுதாக விட்டு வெட்டிய வலை கிடைத்தால் மட்டுமே யோசியுங்கள். தானே திறந்து மூடும் கிரில் தட்டிகள் உள்ள கார்களிலும், வலை அந்தத் தட்டிகளின் அசைவுக்குக் குறுக்கே வராததைக் கையால் அசைத்துப் பார்த்து உறுதி செய்துகொள்ள வேண்டும். வெளி வெப்பநிலையை அளக்கும் சிறு சென்சார் பம்பருக்குப் பின்னால் தொங்குவதும் உண்டு. கட்டும்போது அதன் ஒயரை டையில் சேர்த்து இறுக்கிவிடக் கூடாது.

கடையில் எவர்சில்வர் வலையை மீட்டர் கணக்கில் வாங்கி நாமே வெட்டிக்கொள்ளலாமே என்று நண்பர் ஒருவர் கேட்டார். தாராளமாகச் செய்யலாம், செலவும் குறையும். 4 மி.மீ. கண்ணும் 0.7 மி.மீ. கம்பியும் உள்ள, கோட்டிங் இல்லாத வலையை எடுத்தால் திறந்த பரப்பு 72 சதவீதத்துக்கு மேல் கிடைக்கும். நான் வாங்கியதைவிட அது மேலானது. வெட்டிய விளிம்பை அப்படியே விட்டுவிடாமல் உள்ளே மடித்தோ ரப்பர் பட்டை வைத்தோ கட்ட வேண்டும், இல்லாவிட்டால் கம்பி ஒவ்வொன்றாகப் பிரிந்து விழும். நான் வாங்கிய தொகுப்பில் பாராட்டத்தக்க வேலைப்பாடு அந்த விளிம்புதான்: சீராக மடித்து, ஒரு கம்பி முனைகூட வெளியே தெரியாதபடி அழுத்தியிருக்கிறார்கள். அட்டையில் காகித அச்சு வைத்து வெட்டும் பொறுமை இல்லாதவர்கள் தொகுப்பையே வாங்கலாம்.

சென்ற வாரம் பம்பரை மறுபடி கழற்றி, கீழ்த் துண்டை வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தேன். கம்பி வளைந்து குழிந்த இடங்கள் ஆறு. அவற்றில் ஒன்றில் மூன்று கம்பிகள் சேர்ந்து உள்நோக்கி மடங்கி, கோட்டிங் உரிந்து, உலோகம் பளிச்சென்று தெரிந்தது. ஒரு கண்ணில் கூரிய கருங்கல் சில்லு ஒன்று இன்னமும் செருகிக்கொண்டு நின்றது. அந்த இடத்துக்கு நேர் பின்னால் கண்டென்சரில் டார்ச் அடித்துத் தேடினேன். குழாய்களில் ஒரு தடம்கூட இல்லை, கீழ் மூலையில் மட்டும் நாலைந்து ஃபின்கள் லேசாக மடங்கியிருந்தன. டயரின் ரப்பர் பட்டையோ, இரும்புத் துண்டோ பறந்து வந்தால் இந்த வலை தாங்காது என்பதை அறிவேன். ஜல்லி ஏற்றிப் போகும் லாரியின் பின்னால் போகும்போது முன்பு விட்டதைவிட இன்னும் கூடுதலான தூரம்தான் விடுகிறேன். குழிந்த கம்பிகளைக் குறடால் நிமிர்த்தி, நான்கு மூலைகளுக்கும் புதிய டை போட்டு வலையை மறுபடி அதே இடத்தில் கட்டியிருக்கிறேன். அந்தக் கல் சில்லையும் எடுத்துவைத்திருக்கிறேன். வெர்னியரில் அதன் நீளம் 7 மி.மீ.